என் பேரில் ஒரு சாராயக்கடை

என் பேரில் ஒரு சாராயக்கடை இருந்தது. பாடியிலிருந்து அம்பத்தூர் போகிற சாலையில், லாரிகள் திரும்புகிற முனைக்குப் பக்கத்துச் சந்தில், தகரக் கொட்டகை. வாசலில் பச்சைப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் என் பேர், அதற்குக் கீழே இன்னாரின் மனைவி என்று என் வீட்டுக்காரர் பேர். கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் எங்கள் இரண்டு பேர் பேரும் ஜோடியாக ஒரே இடத்தில் வந்தது அந்தப் பலகையில்தான்.

எழுபதுகளின் தொடக்கம். மதுவிலக்கை எடுத்த புதிது. அதுவரை எங்கள் காலத்து ஆட்களுக்குச் சாராயம் என்றால் ஏரிக்கரைப் புதரிலும் சைக்கிள் டியூபிலும் இருக்கிற சமாசாரம். திடீரென்று அரசாங்கமே ஏலம் விட்டு, லைசென்ஸ் கொடுத்து, கடை வைத்துக்கொள் என்றால் அதை எப்படி நடத்துவது என்று யாருக்குத் தெரியும்? விற்கிறவனுக்கும் தெரியாது, குடிக்கிறவனுக்கும் தெரியாது. முதல் வாரத்தில் வந்தவர்கள் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். வெளியே போகும்போது எதிரில் போலீஸ்காரர் வந்தால் ஓடினார்கள். போலீஸ்காரரும் பழக்க தோஷத்தில் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து நின்றுகொள்வார்.

என் வீட்டுக்காரர் பாடியில் ஒரு ஃபாக்டரியில் டைம்கீப்பர். ஒரு சொட்டு தொட்டதில்லை. பீடி, வெற்றிலைகூட இல்லை. அதைப் பத்துப் பேருக்கு நடுவில் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம். "இந்த வாய்ல காபியைத் தவிர ஒண்ணு போனதில்ல" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார். ஆனால் சாராயக்கடையில் பணம் கொழிக்கும் என்று யாரோ சொன்னதும், தொடாமல் விற்பதில் தப்பில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஃபாக்டரியில் வேலை செய்கிறவர் பேரில் எடுத்தால் வேலை போய்விடும். ஏலம் எடுக்கிறவர் சொத்து ஜாமீன் காட்ட வேண்டும், இவரிடம் சொத்து கிடையாது. எனக்கு இருந்தது. மாங்காட்டில், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்கிற ஒன்றரைக் காணி நன்செய், என் அப்பா சீதனமாக எழுதிக் கொடுத்தது.

என்னைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனார். கிணற்றுக்கு மோட்டார் போடக் கடன் வாங்கப் போகிறோம், நிலம் உன் பேரில் இருப்பதால் நீதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நானும் எட்டாம் கிளாஸ் படித்த தைரியத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன். ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் பூரி வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை.

ஒரு நாள் காலை, மோட்டார் வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கையில், முறுக்கு மீசையும் கட்டம்போட்ட லுங்கியுமாக ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று கும்பிட்டார். "மொதலாளியம்மா, சாவி குடும்மா. கடையாண்ட பீப்பா வந்து எறங்கிகீது" என்றார்.

"என்ன கடை?" என்றேன்.

"இன்னாம்மா இப்டி கேக்குற. உன் கடைதான். சாராயக்கடை."

அவர்தான் ஊற்றிக் கொடுக்க என் வீட்டுக்காரர் பிடித்து வைத்திருந்த ஆள். மதுவிலக்குக் காலத்திலேயே இந்தத் தொழிலில் ஊறியவர். எல்லோரும் அவரை அண்ணாத்தே என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். அன்றைக்கு வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டு, கடைசியில் சொன்னார்: "பேருதான் உன்னுது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ எதுக்கும் பொறுப்பில்ல."

பொறுப்பு யாருக்கு என்று லைசென்ஸிலேயே போட்டிருந்தது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார்கள், சாமி படத்துக்குப் பக்கத்தில். மறுநாள் போய் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பதினெட்டு வயசு ஆகாதவருக்கு விற்கக் கூடாது. ஏற்கெனவே குடித்திருக்கிறவருக்கு விற்கக் கூடாது. நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூட வேண்டும். தண்ணீர் கலக்கக் கூடாது. சூதாட்டம், சண்டை கூடாது. லைசென்ஸ்தாரரும், சர்க்காரிடம் சீட்டு வாங்கிய ஆட்களும் தவிர வேறு யாரும் கடையில் விற்கக் கூடாது. எதை மீறினாலும் லைசென்ஸ்தாரரே பொறுப்பு, லைசென்ஸ் ரத்து, ஜாமீன் சொத்து ஜப்தி. கடைசி வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தில் ஏலத் தொகையைத் தவிர எதையும் படித்திருக்கவில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். என் நிலம் போனால் என்னால்தான் போக வேண்டும், வேறு எவனாலும் போகக் கூடாது. கடை மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு, மாலை கூட்டம் வரும் நேரத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

ஊர் காறித் துப்பியது. விவசாயக் குடும்பத்துப் பெண், சாராயக்கடையில் உட்காருகிறாள் என்று என் பிறந்த வீட்டில் ஆறு மாசம் பேச்சு இல்லை. தெருப் பெண்கள் என்னைக் கண்டால் தண்ணீர்க் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பிப் போவார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வீட்டுப் பின்பக்கம் வந்து, "அக்கா, எங்க ஆளு வந்தா குடுக்காத அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆளின் அடையாளமும் சொன்னார்கள். ஒருத்தி, இடது காதில் மச்சம் என்று சொன்னதைப் பார்க்க நான் தலையைச் சாய்த்துச் சாய்த்து, ஒரு வாரம் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

வயசு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. மீசை முளைக்காமல் குள்ளமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படித் திருப்பி அனுப்பிய ஒருவர், தன் மாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா கடை வாசலில் நின்று, "இவனுக்கு மூணு புள்ளைங்க கீது, நான்தான் மூணு பிரசவமும் பாத்தேன்" என்று சாட்சி சொன்னாள். மருமகனுக்கு ஊற்றிக் கொடுத்தோம். அந்த அம்மா வெளியே காத்திருந்து அவரை அழைத்துக்கொண்டு போனாள்.

தலைவலி இரண்டாவது கண்டிஷன்தான். ஏற்கெனவே குடித்திருக்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் குடித்தவன் எப்படி இருப்பான் என்றே தெரியாது. எங்கள் வீட்டில் காபிதானே. அண்ணாத்தேயிடம், வருகிற ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு ஊற்றுங்கள் என்றேன்.

"இன்னாம்மா நீ. குடிக்க வர்றவன் கைல குடிச்சிக்கினு வந்தியானு கேட்டா, ஆமா நைனான்னா சொல்லுவான்?"

"வாசனை பார்க்கலாமில்ல?"

"இங்க நின்னா வெளக்குக் கம்பம்கூட நாறும். உன் பொடவையே நாறுது."

உண்மைதான். பீப்பாவும் சிந்தின தரையுமாக, அங்கே போய் வந்தால் தலைமுடிவரை நாற்றம் ஏறும். நான் யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தேன். முக்காலியில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருப்பேன். வருகிறவரிடம் ஊசியையும் நூலையும் நீட்டுவேன். கோத்துக் கொடுத்தால் நிதானத்தில் இருக்கிறார், ஊற்றலாம். கோக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இதைவிட நியாயமான பரீட்சை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது என்று எனக்கு நினைப்பு.

நாற்பது வயசு தாண்டிய யாருக்கும் எங்கள் கடையில் சாராயம் கிடைக்காமல் போனது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பெரியவர்கள், கண் தெரியாமல் நூலை எச்சில் பண்ணி எச்சில் பண்ணி நனைத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். சிலர் வெளியே நின்று, இளவட்டங்களிடம் "மாமே, எனக்கும் சேத்து கோத்துடு" என்று கெஞ்சினார்கள். ஃபாக்டரி ஆட்கள் ஷிப்ட் முடிந்த கை நடுக்கத்தோடு கோக்கிறபோது பின்னால் வரிசையில் நிற்பவர்கள் மூச்சு விடாமல் பார்ப்பார்கள். கோத்துவிட்டால் கைதட்டல். என் வீட்டுக்காரருக்குத்தான் வயிறு எரிந்தது. "ஏவாரம் பண்றியா, டெய்லரிங் கிளாஸ் நடத்துறியா?" என்றார். நான் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினேன்.

வேலை முடிந்ததும் அவரும் வந்துவிடுவார். கல்லாவில் நின்று, காதில் பேனா செருகிக்கொண்டு, "நம்ம கடை, நம்ம கடை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நானும் நாளுக்கு நாள் சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, சீட்டு இல்லாம நீங்க கல்லாவில நிக்கக் கூடாது. அண்ணாத்தே வாங்கியிருக்காரு பாருங்க, அந்த மாதிரி எழுதிக் கொடுத்து ஒண்ணு வாங்கிடுங்க."

"எம் பொண்டாட்டி கடையில நான் நிக்கறதுக்கு கவர்மெண்டு சீட்டா?" என்பார். சீட்டு வாங்கினால் ஃபாக்டரிக்கு எழுத்தில் சாட்சி கிடைத்துவிடும் என்ற பயம் வேறு.

இந்த நிலையில்தான் அந்தத் தையல்காரர் வந்தார். பாடியில் காக்கிச் சட்டை தைக்கிறவர். மத்தியானத்திலிருந்து வேறு எங்கேயோ நன்றாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், எனக்கு எப்படித் தெரியும்? ஊசியை நீட்டினேன். பார்க்காமலே கோத்தார். கோத்ததோடு விடாமல், "நூல் பத்தாது போல கீதே மொதலாளியம்மா, இன்னொண்ணு குடு" என்று வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதையும் கோத்தார். வரிசையே விசில் அடித்தது. நான் மெச்சிப் போய், முதலில் இவருக்கு ஊற்றுங்கள் என்றேன். அண்ணாத்தே மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

குடித்துவிட்டு நேராகப் போய் மெயின் ரோட்டின் நடுவில் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார் தையல்காரர். பூந்தமல்லியிலிருந்து வந்த பஸ் அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கண்டக்டர் எழுப்பினால், "பட்டன் வெச்சிட்டு வர்றேன், போ" என்றாராம். பின்னால் லாரிகள் கட்டி நின்றுவிட்டன. பஸ்ஸில் இருந்த யாரோ பெரிய மனுஷர் இறங்கி வந்து, எந்தக் கடை என்று விசாரித்து, நன்றாகக் குடித்திருந்தவனுக்கே மேலும் விற்ற கடைமேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மனு போட்டுவிட்டார்.

விஷயம் காதுக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஜப்தி பண்ண வந்த கோர்ட்டு அமீனா வரப்பில் நிற்கிறார். என் அப்பா எனக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான். வேறு நகை நட்டு எல்லாம் இந்த வீட்டுக்கு வந்த பிறகு எங்கெங்கோ போய்விட்டது.

கலால் அதிகாரி ஜீப்பில் வந்தது கூட்டம் நெரிகிற மாலை நேரத்தில். நான் முக்காலியில், வீட்டுக்காரர் கல்லாவில். அதிகாரி உள்ளே வந்து, "இங்கே லைசென்ஸ்தாரர் யாரு?" என்றார்.

தினமும் "நம்ம கடை" என்று சொல்கிற மனுஷர் ஒரு அடி பின்னால் போனார். என் பக்கம் கையைக் காட்டி, "அவங்கதாங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

அதிகாரி மனுவைச் சொன்னார். நான் ஊசிப் பரீட்சையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எங்கே, எப்படின்னு காட்டும்மா" என்றார். ஊசியையும் நூலையும் அவர் கையில் கொடுத்தேன். அவருக்கும் ஐம்பது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், விளக்குப் பக்கம் திரும்பினார், நூலை நாக்கில் வைத்தார். கடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பின்னாலிருந்து அண்ணாத்தே மெதுவாகச் சொன்னார்: "சாருக்கு இன்னிக்குக் கெடையாது."

கொட்டகையே சிரித்தது. அதிகாரி முகம் சிவந்து ஊசியை மேஜையில் வைத்தார். யார் மேலாவது பாய வேண்டுமே, சுற்றிப் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த ஆள் யாரு? கல்லாப் பக்கம் இவருக்கென்ன வேலை? சீட்டு எங்கே?"

வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் கணக்குத் தெளிவாக இருந்தது. கடை ஆள் என்று சொன்னால், சீட்டு இல்லாதவரை வைத்து விற்ற குற்றம் என் தலையில், ஏற்கெனவே தையல்காரர் விவகாரம் வேறு, நிலம் போச்சு. எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆள் என்றால், கல்லாவில் கை வைத்தவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"என் வீட்டுக்காரருங்க. குடிக்க வந்தாரு" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார். "குடிக்க வந்தவர் கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஏன் நிக்கிறாரு?"

"முன்னாடி வந்து கேட்டாருங்க, முடியாதுன்னுட்டேன். புருஷங்கிற உரிமையில உள்ள பூந்து கேக்கறாரு. ஏற்கெனவே எங்கேயோ போட்டுட்டுத்தான் வந்திருக்காரு. போட்டவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன் இருக்குதுங்களே. அது புருஷனுக்கும் உண்டுல்லீங்களா?"

என் வீட்டுக்காரர் நின்ற நிலையை நான் இன்னும் மறக்கவில்லை. காதிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். அதிகாரி அவர் பக்கத்தில் போய் மோந்து பார்த்தார். அந்தக் கடையில் தினமும் நிற்கிற சட்டை, வேறு எப்படி நாறும்? "குடிச்சிருக்கியா?" என்றார். இவர் என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

அண்ணாத்தே அதோடு விடுகிற ஆளா. "டெய்லி இதே ரோதனை சார். இந்தம்மா மகாலட்சுமி. ஊட்டுக்குப் போனா சட்டி பானை ஒண்ணு மிஞ்சாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு எதற்கு ஆமாம் போடுகிறோம் என்றே தெரியாது.

அதிகாரி என் வீட்டுக்காரரைத் தனியாக நிறுத்திப் புத்தி சொன்னார். இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அந்த அம்மா உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார், நீ குடித்து அழிக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்றார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, "கட்டின புருஷனுக்கே குடுக்காத ஆளு, கண்ட தையல்காரனுக்கா தெரிஞ்சே குடுத்திருப்பீங்க" என்று சொல்லி, கடையின் பார்வைப் புத்தகத்தில் எனக்கு நல்லபடியாக நாலு வரி எழுதிவிட்டு, மனுவை மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்பின பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. என் நிலம் எனக்கு இருக்கிறது என்ற நினைப்பில் முக்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாளே அவருடைய அக்கா வந்தார்கள். "காபி காபின்னியேடா பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். என்னிடம் வந்து, "இத்தனை நாள் வெளிய சொல்லாம மென்னு முழுங்கினியேம்மா" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு அவரை இழுத்துப் போய், சன்னதியில் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். பண்ணினார். அந்த ஒரு சத்தியத்தை மட்டும் அவர் இன்றுவரை மீறியதில்லை.

பிறகு அவர் கல்லாப் பக்கம் வரவில்லை. வர முடியாதே. ஷிப்ட் முடிந்து வந்து சந்து முனையில் டீக்கடையில் உட்கார்ந்து தூரத்திலிருந்து கடையைப் பார்ப்பார். ஊசியை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அண்ணாத்தேக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும், அவர் தலையை ஆட்டினால் ஊற்றுவது, இல்லாவிட்டால் இல்லை. மறுபடி மதுவிலக்கு வந்து கடையை மூடுகிற வரைக்கும் என்மேல் ஒரு புகார் கிடையாது. மூடின பிறகு ஜாமீனிலிருந்து நிலத்தை விடுவித்து எனக்குக் காகிதம் வந்தது. அவர் கையில் கொடுக்காமல் நானே போய் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஊர் வாய்க்கு ஒரு தடவை சொன்னது சொன்னதுதான். அவர் பக்கத்து உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது பக்கத்து இலையில் குசுகுசு என்று சொல்லிக்கொடுப்பார்கள்: "வயசுல பயங்கரமா குடிச்சவரு. பொண்டாட்டிதான் திருத்திக் கொண்டாந்தா." புதுசாக வந்த சம்பந்தி ஒருவர் போன முகூர்த்தத்தில், "விட்டுட்டீங்களாமே, ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே" என்று அவர் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டார். இவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்ததும் என்னைக் கை கழுவுகிற இடத்துக்கு ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லேன். நான் செத்தாலும் குடிகாரன் செத்தான்னுதான் சொல்லுவாங்க."

"என் நிலத்தைக் கொண்டுபோய் ஜாமீன் வைக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"அதான் நிலம் திரும்பி வந்துடுச்சே."

"வந்துடுச்சு. அதை மீட்க நான் உங்க மானத்தை வெச்சேன். நானும்தான் உங்களைக் கேக்கல" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் கை கழுவினார்.